அளப்பதா, தவிர்ப்பதா, நம்புவதா? புகுஷிமா அடுக்களையில் ஐந்து வழிகள்

புகுஷிமாவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும். "சரி, நீங்க அங்க இருந்திருந்தா பிள்ளைக்கு என்ன சமைச்சுக் கொடுத்திருப்பீங்க?" கேட்பவர் பெரும்பாலும் பெண். சிலர் கூடங்குளம், கல்பாக்கம் பக்கத்தவர்கள்; அவர்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. ஆண்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள்: "உண்மையில எத்தனை பெக்கரல் இருந்துச்சு?" இரண்டும் ஒரே கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் முதல் கேள்விக்குள் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

அந்த முடிவை எடுக்க ஜப்பானில் 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஐந்து வழிகள் இருந்தன. அரசு வரம்பை நம்புவது, புகுஷிமா பக்கத்துப் பொருளையே தவிர்ப்பது, மக்களே நடத்திய அளவை நிலையத்துக்குக் கொண்டுபோவது, பள்ளியையும் நுகர்வோர் கூட்டுறவையும் அளக்க வைப்பது, உணவை விட்டுவிட்டு உடம்பையே அளப்பது. ஒவ்வொன்றும் என்ன கொடுத்தது, பதிலுக்கு என்ன வாங்கிக்கொண்டது என்று பார்ப்போம்.

எதை வைத்து எடை போடுவது?

வழக்கமான ஒப்பீடுகள் இரண்டு கேள்வியோடு நின்றுவிடும்: எவ்வளவு துல்லியம், எவ்வளவு செலவு. இரண்டும் வேண்டியவைதான். துல்லியம் என்றால் அந்த எண் உங்கள் தட்டில் இருக்கும் கீரையைப் பற்றியதா, மாவட்டத்தில் எங்கோ பறித்த ஒரு மாதிரியைப் பற்றியதா என்பதும் சேர்த்தி.

நான் இன்னும் மூன்று சேர்க்கிறேன். யார் உழைப்பு: பட்டியலைப் படிப்பது, கடை மாற்றி அலைவது, பொருளை நறுக்கி எடுத்துப்போவது எல்லாம் யார் தலையில் விழுகிறது? வீட்டிலும் தெருவிலும் என்ன பெயர் கிடைக்கும்? உங்கள் பிள்ளையைத் தாண்டி, அளக்க வசதியில்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதில் ஏதாவது பயன் உண்டா?

கூடவே காலத்தையும் கவனிக்க வேண்டும். உலையிலிருந்து வெளியேறிய கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். சீசியம்-134க்கு இரண்டு வருடம், சீசியம்-137க்கு முப்பது வருடம். முதல் மாதத்தின் எதிரி வேறு, ஐந்தாம் வருடத்தின் எதிரி வேறு. ஒரே வழியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் பெரும்பாலும் தேவையில்லாமல் கஷ்டப்பட்டார்கள் என்பது என் எண்ணம்.

வழி 1: அரசு வரம்பை நம்பி, கடையில் இருப்பதை வாங்குவது

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும். மார்ச் 17 அன்று தற்காலிக வரம்பு அறிவித்தார்கள்: காய்கறி, தானியம், இறைச்சி, மீனில் கிலோவுக்கு 500 பெக்கரல் சீசியம் வரை விற்கலாம், பாலுக்கும் தண்ணீருக்கும் 200. ஒரு நொடியில் ஒரு அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு வருடம் முழுக்க அப்படியே சாப்பிட்டாலும் சீசியத்தால் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு 5 மில்லிசீவர்ட்டைத் தாண்டாது என்பது அந்த 500க்குப் பின்னால் இருந்த கணக்கு. 2012 ஏப்ரல் 1 முதல் கணக்கை 1 மில்லிசீவர்ட்டுக்கு இறக்கினார்கள். பொது உணவுக்கு 100, பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10 என்று ஆனது.

இங்கேதான் நிறையப் பேருக்கு நம்பிக்கை விட்டுப்போனது. பிப்ரவரியில் 300 பெக்கரல் "பாதுகாப்பானது" என்றால் ஏப்ரலில் அதே 300 எப்படி விற்கக்கூடாததாகிறது? நெருக்கடிக்கு ஒரு வரம்பு, பிறகு ஒரு வரம்பு என்பது நடைமுறைக்குச் சரிதான். அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொன்ன விதம் சரியில்லை.

மாதிரிச் சோதனையில் ஓட்டைகளும் இருந்தன. 2011 ஜூலையில் மாட்டிறைச்சி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகுதான், வெளியில் கிடந்த வைக்கோலை மாடுகள் தின்றிருக்கின்றன என்று தெரிந்தது. மாட்டைச் சோதித்தவர்கள் வைக்கோலை யோசிக்கவில்லை. அக்டோபரில் புகுஷிமா ஆளுநர் தங்கள் மாகாண அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். நவம்பரில் புகுஷிமா நகரின் ஓனாமி பகுதி அரிசியில் 630 பெக்கரல். அதையும் அரசு கண்டுபிடிக்கவில்லை. ஒரு விவசாயி தன் அரிசியை விவசாயக் கூட்டுறவுக்குக் கொண்டுபோய் அளக்கச் சொன்னார்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2012 அறுவடையிலிருந்து புகுஷிமாவில் ஒவ்வொரு அரிசி மூட்டையையும், முப்பது கிலோ மூட்டைகள் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி அளந்தார்கள். முதல் வருடம் வரம்பைத் தாண்டியவை 71 மூட்டை. 2015 அறுவடையில் ஒன்றும் இல்லை. வயலில் பொட்டாசியம் உரம் போட்டால் பயிர் சீசியத்தை உறிஞ்சுவது குறையும் என்பதை விவசாயிகள் கையோடு செய்து காட்டினார்கள். இத்தனை மூட்டையையும் ஒன்று விடாமல் அளந்த வேறொரு அரிசியை எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியின் மறைவான விலை பணமில்லை. "தபெதே ஓயென்", அதாவது சாப்பிட்டு ஆதரிப்போம், என்று அரசே பிரசாரம் நடத்தியது. அதற்குப் பிறகு சாப்பிடாமல் இருப்பது தனிப்பட்ட விருப்பமாக இல்லை, ஊருக்குத் துரோகமாக ஆகிவிட்டது. கடைக்குப் போகிறவள் யாரோ அவள்தான் துரோகி.

வழி 2: புகுஷிமா பக்கத்துப் பொருளையே தவிர்ப்பது

கேட்க எளிது. ஜப்பானில் பச்சைக் காய்கறி மேல் எந்த மாகாணத்தில் விளைந்தது என்று எழுதியிருக்கும். கியூஷு கேரட், ஹொக்காய்டோ உருளைக்கிழங்கு என்று பார்த்து எடுத்தால் முடிந்தது.

முதல் சில வாரங்களுக்கு இதுதான் சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன். மார்ச் 23 அன்று டோக்கியோவில் கானமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின்-131 இருப்பதாக அறிவித்தார்கள். கைக்குழந்தைக்கு வரம்பு 100. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர்தான் குறையும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஆளுக்கு மூன்று சின்ன பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாளே அளவு இறங்கிவிட்டது. செர்னோபிலில் பிள்ளைகளின் தைராய்டைக் கெடுத்தது முக்கியமாக அந்த முதல் வாரங்களில் குடித்த பால்தான். அந்தச் சமயத்தில் "நாளைக்கு அளந்து பார்க்கலாம்" என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. தவிர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் இந்த வழியின் வலு குறைகிறது. பதப்படுத்திய உணவில் ஒவ்வொரு சேர்மானமும் எங்கே விளைந்தது என்று அட்டையில் தெரியாது. ஓட்டலில் தெரியாது. மாடு ஓரிடம், அது தின்ற வைக்கோல் வேறிடம். தேயிலையில் வரம்பு மீறியது புகுஷிமாவிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கனகாவாவில்.

வீட்டுக்குள் நடந்ததை எந்த அட்டவணையிலும் போட முடியாது. புகுஷிமாவில் மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீடுகள் நிறைய. மாமியார் தன் தோட்டத்தில் முள்ளங்கியும் கீரையும் போடுவார். கூடையில் கொண்டுவந்து வைக்கும் கீரையை மருமகள் தொடாமல் கடைக் கீரையை அரிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்குத் தோட்டத்து அரிசி, பிள்ளைகளுக்கு வெளியூர் அரிசி என்று இரண்டு உலை வைத்த வீடுகள் உண்டு. இரண்டாவது உலைக்கான நேரமும் பேச்சும் யார் பங்கு என்பது தெரிந்ததுதான்.

வெளியிலும் ஒரு சொல் காத்திருந்தது: "ஃபூஹியோ ஹிகாய்", வதந்தியால் வரும் சேதம். உரம் போட்டு, அளந்து, ஒன்றும் இல்லை என்று நிரூபித்த விவசாயியும் விலை போகாமல் நின்றார். அந்தச் சேதம் உண்மை. ஆனால் உலையை நடத்திய நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கணக்கை, முள்ளங்கி வாங்காத பெண்ணிடம் கேட்டார்கள். இணையத்தில் இன்னும் கூர்மையான கேலி. கதிரியக்கத்துக்கு ஜப்பானியில் "ஹோஷானோ". கடைசி எழுத்தை மட்டும் மாற்றி எழுதினால் அதே உச்சரிப்பில் "கதிரியக்க மூளை" என்று ஆகும். அதோடு "மாமா", அதாவது அம்மா, என்று சேர்த்தால் பட்டப்பெயர் தயார். அப்பாக்களுக்கு அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

வழி 3: மக்களே நடத்தும் அளவை நிலையம்

புகுஷிமா நகரில் 2011 ஜூலையில் ஒரு நிலையம் தொடங்கியது. பிரான்ஸிலிருந்து, அரசைச் சாராமல் கதிரியக்கம் அளக்கும் கிரிராட் அமைப்பு உதவிக்கு வந்தது. அந்த கிரிராடே 1986இல் செர்னோபில் மேகம் கடந்துபோன பிறகு, அரசு சொன்னதை நம்பாமல் மிஷெல் ரிவாசி என்ற ஆசிரியை முன்னின்று தொடங்கியது. இவாக்கி நகரில் 2011 நவம்பரில் "தாராச்சினே" திறந்தது. பழைய ஜப்பானியக் கவிதையில் அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் போடும் அடைமொழி அது, நடத்தியவர்களும் அம்மாக்கள். கொஞ்ச காலத்தில் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிக் குழுக்கள் முளைத்தன. சில கடை அறையில், சில கோயில் வளாகத்தில்.

உள்ளே என்ன நடக்கும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு மூங்கில் குருத்தைக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் போகக் கழுவி, சாப்பிடாத மேல்மட்டையை உரித்து, பொடியாக நறுக்க வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் இடையில் காற்று நிற்கும், கணக்குத் தப்பும். ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் மாரினெல்லி பாத்திரத்தில் அழுத்தி நிரப்புவார்கள். அதன் அடிப்பக்கம் நடுவில் மேல்நோக்கிக் குழிந்திருக்கும். அந்தக் குழி, தொப்பி மாட்டுவது போல உணர்கருவியின் மேல் உட்காரும். சுற்றிலும் கைப்பிடி கனத்துக்கு ஈயச் சுவர், வெளியில் இருக்கும் இயற்கைக் கதிர்கள் குறுக்கிடாமல் இருக்க. மூடியைச் சாத்திவிட்டு அரைமணியோ ஒரு மணியோ காத்திருக்க வேண்டும். திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலுக்கான அலகு) பக்கம் மேடு எழும்பினால் சீசியம்-137.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கையில் வைத்திருக்கும் கெய்கர் கருவியைக் கீரைமேல் காட்டி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. 2011இல் அதை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

நிலையங்களில் இருந்தது பெரும்பாலும் சோடியம் அயோடைடு கருவி. விலை பத்து லட்சம் யென்னைத் தாண்டும். ஜெர்மேனியம் கருவி இதைவிடப் பல மடங்கு கூர்மை, விலையும் கோடி யென்னுக்கு மேல், குளிர்விக்க வேறு ஏற்பாடு வேண்டும். சோடியம் அயோடைடுக்கு ஒரு கண்கோளாறு உண்டு. மண்ணில் இயற்கையாக இருக்கும் பிஸ்மத்-214, சீசியம்-134 நிற்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல மேடு காட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் கருவி இருந்தால் இல்லாத சீசியம் இருப்பதாக வரும். காளான், மூங்கில் குருத்து எல்லாவற்றிலும் இயற்கைப் பொட்டாசியம்-40 வேறு தலைகாட்டும். அறுபது கிலோ எடையுள்ள நம் ஒவ்வொருவர் உடம்பிலும் அது நாலாயிரம் பெக்கரல் போல எப்போதும் இருக்கிறது.

அப்புறம் அந்த இரண்டு எழுத்து: என்.டி. "கண்டறியப்படவில்லை" என்று பொருள். பூஜ்யம் என்று பொருள் இல்லை. கருவியின் கீழெல்லை 20 பெக்கரல் என்றால், 19 இருந்தாலும் என்.டி.தான். அதனால் கீழெல்லை எவ்வளவு என்று கேட்காமல் என்.டி. சீட்டை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. நல்ல நிலையங்கள் கேட்காமலே எழுதிக் கொடுத்தன. அரசுச் சீட்டுகளில் அந்த வரியைத் தேடவேண்டியிருந்தது என்று அம்மாக்கள் குறைப்பட்டதில் நியாயம் உண்டு.

பலன் இருந்ததா? 2011 டிசம்பரில் மெய்ஜி நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் கிலோவுக்கு அதிகபட்சம் 30.8 பெக்கரல் சீசியம் என்று செய்தி வந்தது. நாலு லட்சம் டப்பாக்களை மாற்றிக் கொடுத்தார்கள். பால் பழையது, பிரச்சினை அதில் இல்லை. மார்ச் நடுவில் பாலை உலர்த்தும்போது உள்ளே இழுத்த வெளிக்காற்றில்தான் வந்திருக்கும் என்றார்கள். இந்த விஷயம் வெளிவர வழிசெய்தது ஒரு குடிமக்கள் குழு எடுத்த அளவு. அன்றைய வரம்பு 200. சட்டப்படி விற்றதில் தவறே இல்லை. ஆனால் கைக்குழந்தை அதை மட்டுமே குடிக்கும் என்பதை ஒரு அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பொருளை அளக்க வேண்டும் என்று தெரிவதும் அறிவுதான். கருவியை இயக்கத் தெரிவது மட்டுமே அறிவாகாது.

இன்னொரு பலனும் உண்டு. "எனக்குப் பயமா இருக்கு" என்று பள்ளிக் கூட்டத்தில் சொன்ன பெண்ணை உட்கார வைத்தார்கள். "இந்தக் காளானில் 180 இருக்கு" என்று சீட்டைக் காட்டிய அதே பெண்ணை அப்படிச் செய்ய முடியவில்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை. எண் கையில் இல்லாவிட்டால் பேசவே கூடாது என்று ஆகிவிடுகிறது. "நாங்கள் அளக்கிறோம், அவ்வளவுதான், அரசியல் பேசுவதில்லை" என்று பல நிலையங்கள் சொல்லிக்கொண்டன. ஊரில் பெயர் கெடாமல் இருக்க அது தேவையாக இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி சில அந்த வாக்கியத்தில் அடங்கிப்போனது.

நிலையத்துக்குள்ளும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஊரிலும் இப்படி ஒரு குழு தொடங்கினால், வளைகோட்டைப் படிப்பது ஓய்வுபெற்ற பொறியாளருக்கும், தேநீர் போடுவது, பாத்திரம் கழுவுவது, அழுதுகொண்டு வருகிறவர்களுக்குக் காது கொடுப்பது பெண்களுக்கும் என்று தானாகவே பிரிந்துவிடும். தாராச்சினே அதை மாற்றிக் காட்டியது. விஞ்ஞானப் பின்னணி இல்லாத அம்மாக்களே பயின்று கருவிகளை இயக்கினார்கள்; அளக்கக் கடினமான ஸ்ட்ரான்சியத்துக்கும் டிரிட்டியத்துக்கும் 2015இல் ஆய்வுக்கூடம் வைத்தார்கள்; 2017இல் ஒரு கிளினிக்கே திறந்தார்கள்.

மறைவான செலவுகளைச் சொல்கிறேன். ஒரு கிலோ பொருள் அளந்த பிறகு பெரும்பாலும் குப்பைக்குத்தான். கட்டணம் சில நூறு யென்னிலிருந்து சில ஆயிரம் வரை. போக வர அரை நாள். நன்கொடை வற்றியதும் பல நிலையங்கள் மூடின. பெரிய குறை காலம்: முதல் நிலையங்கள் திறந்தபோது விபத்து நடந்து நாலு மாதம், அயோடின்-131 முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். மிக அவசரமான மாதத்தில் இந்த வழி கிடைக்கவே இல்லை.

வழி 4: பள்ளியையும் கூட்டுறவையும் அளக்க வைப்பது

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியில்தான், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. உள்ளூர் விளைச்சலையே பரிமாற வேண்டும் என்பது விபத்துக்கு முன்பே இருந்த பெருமையான கொள்கை. விபத்துக்குப் பிறகு அதே கொள்கை அம்மாக்களின் தலைவலி ஆனது. வீட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மதியம் தட்டில் விழுவது கையில் இல்லை. டப்பா கட்டிக் கொடுத்தால், எல்லாரும் ஒரே சூப்பைக் குடிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் தனியாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

அதனால் பலர் நகராட்சியிடம் மனு கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். இதற்கு ஜப்பானில் முன்கதை உண்டு. 1954இல் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்து, மீன்பிடிப் படகும் மீனும் கதிரியக்கம் பட்டுத் திரும்பியபோது, டோக்கியோவின் சுகினாமி பகுதியில் இல்லத்தரசிகள் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். மறுவருடத்துக்குள் நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேல் கையெழுத்து. மீன் வாங்கப் போன இடத்தில் தொடங்கிய அரசியல் அது. 2011 மே 23 அன்று புகுஷிமாப் பெற்றோர், பள்ளி வளாகங்களுக்கு வருடம் 20 மில்லிசீவர்ட் என்ற அளவைத் திரும்பப் பெறச் சொல்லி டோக்கியோவில் கல்வி அமைச்சகத்தின் முன் திரண்டார்கள். நாலு நாளில் அமைச்சகம் 1 மில்லிசீவர்ட்டை இலக்காக வைப்பதாக இறங்கி வந்தது.

சாப்பாட்டில் குழப்பம் கொஞ்சம் நீடித்தது. அந்த வருடக் கடைசியில், பள்ளி உணவுக்கு வாங்கும் கருவி 40 பெக்கரல் வரை கண்டறிய வேண்டும் என்று 17 மாகாணங்களுக்குக் கடிதம் போனது. 40தான் புதிய வரம்பு என்று எல்லாரும் எடுத்துக்கொள்ள, வரம்பு இல்லை என்று அமைச்சகம் விளக்க வேண்டியதாயிற்று.

இந்த வழியைத் தேர்ந்தால் எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சமைப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளாக அளப்பது ஒன்று. சமைத்த முழுச் சாப்பாட்டையும் அரைத்து அளப்பது இன்னொன்று. இரண்டாவதில் காளானின் 150, சோற்றிலும் பாலிலும் கலந்து கரைந்து என்.டி. ஆகிவிடும்; முடிவு வருவதற்குள் பிள்ளை சாப்பிட்டும் முடித்திருக்கும். முதலாவதைக் கேளுங்கள்.

விலை? மனுவில் முதல் கையெழுத்து போட்டவள் பெயர் ஊருக்கே தெரியும். பள்ளிகளைத் தொந்தரவு செய்யும் பெற்றோருக்கு "மான்ஸ்டர் பேரன்ட்" என்ற பட்டம் ஜப்பானில் முன்பே தயாராக இருந்தது. கூட்டங்கள் வேலைநாள் பகலில். சம்பள வேலைக்குப் போகும் பெண்ணால் வர முடியாது. ஆனாலும் ஐந்து வழியில் இது ஒன்றுதான், மனு கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும், அம்மா இல்லாத பிள்ளைக்கும் சேர்த்து வேலை செய்தது. அளக்கும் உழைப்பு ஒருத்தியின் அடுக்களையிலிருந்து வெளியேறி சம்பளம் வாங்கும் ஊழியர் கைக்குப் போனதும் இதில்தான். என் ஓட்டு இதற்கு. அதே சமயம், நிலையங்கள் எண்களை வெளியிட்டுக்கொண்டே இருந்திருக்காவிட்டால் நகராட்சிகள் இவ்வளவு சீக்கிரம் கருவி வாங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வழி 5: சாப்பிட்டதையும் உடம்பையும் அளப்பது

இதில் இரண்டு வகை. முதலாவது "காகெஜென்", நேர்ப்பொருள் நிழல் படையல். ஊருக்குப் போனவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று வீட்டில் அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கும் பழைய வழக்கம் அது. கோப் புகுஷிமா கூட்டுறவு 2011 நவம்பரிலிருந்து இதையே சோதனை முறையாக்கியது: நூறு குடும்பம், இரண்டு நாள், எல்லா வேளைக்கும் ஒரு ஆள் பங்கு கூடுதலாகச் சமைத்து அனுப்ப வேண்டும். நூறில் பத்து வீட்டுச் சாப்பாட்டில்தான் கிலோவுக்கு ஒரு பெக்கரலுக்கு மேல் சீசியம், அதிகபட்சம் 11.7. கூடுதல் பங்கைச் சமைத்து, ஆறவைத்து, பொட்டலம் கட்டியது யார் என்று அறிக்கைகள் பெரிதாகப் பேசுவதில்லை.

இரண்டாவது, உடம்பையே அளப்பது. நின்றபடி அளக்கும் கருவியில் கைக்குழந்தையை வைக்க முடியாது. அதற்காகவே 2013 டிசம்பரில் "பேபிஸ்கேன்" என்ற படுக்கைவாட்டக் கருவி புகுஷிமாவில் ஒரு மருத்துவமனைக்கு வந்தது. 2,707 குழந்தைகளை அளந்ததில் ஒருவரிடமும் சீசியம் கண்டறியப்படவில்லை. அதோடு பெற்றோரிடம் உள்ளூர் அரிசி, காய்கறி, குழாய்த் தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தார்கள். மினாமிசோமாவில் பாதிக்கு மேல் குடும்பங்கள் மூன்றையும் தவிர்த்தன. மிஹாருவில் நூற்றுக்கு நாலைந்துதான். இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் முடிவு ஒன்றே.

இதைப் படித்துவிட்டு "பாரு, அம்மாக்கள் சும்மா பயந்தார்கள்" என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. 2013க்குள் கடைக்கு வரும் பொருள் சுத்தமாகியிருந்தது. சுத்தமானதற்கு ஒரு காரணம் 2011இல் சத்தம் போட்டவர்கள். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகும் இரண்டு உலை வைத்துக்கொண்டிருந்த மருமகளுக்கு இந்த முடிவு ஒரு விடுதலைச் சீட்டாகியிருக்கலாம். அவள் கைக்கு, கேலி இல்லாமல், அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரே பார்வையில்

| வழி | எண் எதைப் பற்றியது | செலவு | உழைப்பு யாருடையது | அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு |
|---|---|---|---|---|
| வரம்பை நம்புவது | மாதிரிப் பொருள் (அரிசியில் மட்டும் எல்லா மூட்டையும்) | இல்லை | அரசு, விவசாயி | உண்டு, சோதனை சரியாக இருந்தால் |
| தவிர்ப்பது | எண்ணே இல்லை, ஊர்ப் பெயர்தான் | மாதாமாதம் கூடும் | முழுக்க வீட்டுப் பெண் | இல்லை |
| மக்கள் நிலையம் | உங்கள் கையில் இருக்கும் அதே பொருள் | கட்டணம், ஒரு கிலோ பொருள், அரை நாள் | வீட்டுப் பெண், தன்னார்வலர் | முடிவை வெளியிட்டால் உண்டு |
| பள்ளி, கூட்டுறவு | அன்றைய பொதுச் சாப்பாடு | வரிப்பணம், சந்தா | முதலில் மனு கொடுத்தவள், பிறகு ஊழியர் | முழுதாக உண்டு |
| உடம்பை அளப்பது | இதுவரை சாப்பிட்ட எல்லாம் சேர்த்து | குறைவு | கூட்டிப்போகிறவர் | கொஞ்சம் |

எந்த நிலைமையில் எது?

விபத்து நடந்து முதல் ஆறு வாரம், வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால்: தவிர்ப்பது. பால், இலைக்கீரை, குழாய்த் தண்ணீர், இந்த மூன்றும் முதலில். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அதிலிருந்து ஓரிரு வருடம்: தினம் சாப்பிடும் பொருளுக்கும், ஒரே உணவாக இருக்கும் பொருளுக்கும் அளவை நிலையம். எல்லாவற்றையும் அளக்கக் கிளம்பினால் மூன்று மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். அரிசி, பால்மாவு, மாமியார் தோட்டத்துக் காய் போதும். அதே சமயத்தில் பள்ளிக்கு மனு. தனியாகப் போகாமல் பத்துப் பேராக, முதல் கையெழுத்தை ஓர் அப்பா போடும்படி.

சம்பள வேலைக்குப் போகிறவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என்றால் மூன்றாவது வழி கட்டுப்படியாகாது. சொந்தமாக அளந்து விற்கும் கூட்டுறவில் சேர்வது நல்லது. கொஞ்சம் விலை கூடினாலும் அரை நாள் மிச்சம்.

ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கடையில் வாங்குகிறீர்கள் என்றால்: வரம்பை நம்பலாம். மனம் கேட்காவிட்டால் பிள்ளையை ஒருமுறை உடம்பு அளக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் வந்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு, அது பத்து வருடம் தாண்டியும் நீடித்தது: காட்டிலிருந்து வருவது. காட்டுக் காளான், கோஷியபுரா என்கிற மலைக் குருத்து, காட்டுப்பன்றி. வயலுக்கு உரம் போட்டார்கள், காட்டுக்கு யாரும் போடவில்லை. இலைமக்கில் சீசியம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். கடைக்கு வராமல் கைமாறுவதால் அரசுச் சோதனையிலும் இவை சிக்காது. வசந்தத்தில் மாமியார் மலைக்குப் போய்ப் பறித்து வந்து, இதை இலேசாக மாவில் தோய்த்துப் பொரித்தால் பேரனுக்குப் பிடிக்கும் என்று நீட்டுகிற கட்டு இதுதான்.

அந்தக் கட்டை மறுக்க வேண்டாம், ரகசியமாகக் குப்பையிலும் போட வேண்டாம். அவரையே நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கமாக எப்படிக் கழுவுவாரோ அப்படியே கழுவி, சாப்பிடும் பாகத்தை மட்டும் எடுத்து, பொடியாக நறுக்கித் தர வேண்டும். அந்த வேலை உங்களைவிட அவருக்கு நன்றாக வரும்.